ஊர்ப் பெயரில் இருக்கிறது விலை
சீனத்து கிரீன் டீ கற்றுத் தரும் பாடம்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் முடிந்ததும் ரமணாசிரமம் பகுதியில் கூட்டம் கூடத் தொடங்குகிறது. மார்கழி, தை, மாசி மாதங்களில் செங்கம் சாலையின் இருபுறமும் வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் நடமாடுகின்றனர். இவர்களை நம்பியே அங்குப் பல கடைகள் நடக்கின்றன. பால் டீ ஆற்றித் தரும் கடைக்குப் பக்கத்திலேயே கிரீன் டீ கேட்டால் கொடுக்கும் கடையும் உண்டு. பொட்டலம் போட்ட கிரீன் டீயும் அலமாரிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பொட்டலங்களை எடுத்துத் திருப்பிப் பார்ப்பவருக்கு ஒன்று விளங்கும். விலை இருக்கிறது. எடை இருக்கிறது. பொட்டலம் கட்டிய நிறுவனத்தின் முகவரி இருக்கிறது. இலை எந்த மலையில் விளைந்தது, எந்த மாதத்தில் பறிக்கப்பட்டது என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. விலை உயர்ந்த பொட்டலம் ஒன்றில் மட்டும் சீனத்து ஊர் ஒன்றின் பெயர் இருந்தாலும் இருக்கும். ஓர் இரவுப் பேருந்துப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய நீலகிரியின் பெயர் காணப்படுவது அரிது.

இது கடைக்காரரின் குற்றமன்று. வாங்குவோரின் குற்றமுமன்று. விளைந்த ஊரின் பெயரைப் பொருளோடு சேர்த்து விற்கும் வழக்கத்தை நாம் வளர்க்கவில்லை. அந்த நட்டம் முழுவதும் விவசாயியின் தலையில் விழுகிறது.

ஓர் ஏரிக்கரையின் பெயர்

சீனாவின் கிழக்குப் பகுதியில் செஜியாங் மாநிலம் உள்ளது. அதன் தலைநகரமான ஹாங்சோவை ஒட்டி மேற்கு ஏரி என்னும் புகழ்பெற்ற ஏரி இருக்கிறது. அந்த ஏரியைச் சூழ்ந்த குன்றுகளில் விளையும் கிரீன் டீக்கு லோங்ஜிங் என்று பெயர். அங்குள்ள ஒரு கிணற்றின் பெயர் அது. நாகக் கிணறு என்று பொருள் சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட கியான்லோங் பேரரசர் அங்கு வந்து பதினெட்டுச் செடிகளுக்கு அரச மதிப்பு அளித்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், ஒரு கிணற்றின் பெயரை உலகம் முழுவதும் தெரியச் செய்துவிட்டார்கள் அந்த ஊர் விவசாயிகள்.

லோங்ஜிங் தயாரிக்கும் முறையில் மந்திரம் ஒன்றுமில்லை. ஏப்ரல் 5ஆம் தேதியையொட்டி வரும் சிங்மிங் என்னும் நீத்தார் வழிபாட்டு நாளுக்கு முன்னால் பறிக்கும் இளங்கொழுந்துக்கே முதல் மதிப்பு. குளிர்காலம் முழுதும் உறங்கிக் கிடந்த செடி விடும் முதல் தளிர் அது. ஒரு மொட்டும் ஓர் இலையுமாகக் கிள்ளுகிறார்கள். சில மணி நேரம் பரப்பி உலர்த்திய பின், சூடேறிய இரும்புச் சட்டியில் போட்டுக் கையாலேயே அழுத்தி, தட்டி, புரட்டி வறுக்கிறார்கள். இலை தட்டையாகி, மஞ்சள் கலந்த பச்சை நிறத்தோடு வெளிவருகிறது. இப்போது இயந்திர வறுவலும் பரவியிருக்கிறது. எனினும் கை வறுவலுக்குத் தனி விலை உண்டு.

சட்டியில் வறுப்பதன் காரணத்தை விவசாயிகள் அறிந்துகொள்வது நல்லது. தேயிலையைக் கிள்ளிக் கசக்கியவுடன் அதிலுள்ள நொதி, காற்றுடன் சேர்ந்து இலையைக் கறுக்கச் செய்கிறது. வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதைப் போன்றது இது. சாதாரண டீத்தூளுக்கு இந்தக் கறுப்பு வேண்டும். அதற்காகவே இலையை வாட்டி, நசுக்கி, புளிக்க விட்டுப் பிறகு உலர்த்துகிறார்கள். கிரீன் டீக்கு அது கூடாது. ஆகவே தொடக்கத்திலேயே சூடு காட்டி நொதியைச் செயலிழக்கச் செய்கிறார்கள். சீனர்கள் பெரும்பாலும் சட்டியில் வறுக்கிறார்கள். ஜப்பானியர் ஆவியில் வேகவைக்கிறார்கள். செடி இரண்டுக்கும் ஒன்றே. செய்முறைதான் வேறு.

லோங்ஜிங் என்ற பெயரைச் சீன அரசு 2001இல் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. எந்தெந்தப் பகுதியில் விளைந்ததை அப்பெயரால் விற்கலாம் என்று எல்லை வகுக்கப்பட்டது. அதற்குள்ளும் மேற்கு ஏரி லோங்ஜிங் என்று சொல்ல உரிமை பெற்ற பகுதி 168 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அப்பகுதி விவசாயிகளுக்கு அவரவர் நிலத்தின் அளவையும் மகசூலையும் கணக்கிட்டு முத்திரைச் சீட்டுகள் தரப்படுகின்றன. விளைச்சலுக்கு மேல் முத்திரை கிடையாது. அப்படியும் போலிச் சரக்கு ஒழிந்துவிடவில்லை. ஆனால் உண்மைச் சரக்கை வைத்திருக்கும் விவசாயி தன் கையிலுள்ள முத்திரையைக் காட்டி விலை பேச முடிகிறது.

நீலகிரிக்கு என்ன குறை?

தேயிலை நீலகிரிக்குப் புதிதன்று. 1830களிலேயே கேத்தியில் இருந்த அரசுப் பரிசோதனைப் பண்ணையில் தேயிலை நட்டுப் பார்த்தார்கள். 1850களில் குன்னூர்ப் பக்கம் சீன விதையைக் கொண்டு தோட்டம் போடப்பட்டது. 1860களில் வாணிபச் சாகுபடி வேரூன்றியது. அந்தக் காலத்தில் நடுவட்டம் பகுதியில் சீனக் கைதிகள் தோட்ட வேலை செய்ததும், அவர்களுள் சிலர் அங்கேயே குடும்பம் நடத்தித் தங்கியதும் பதிவான செய்திகள். நீலகிரியின் பழைய தோட்டங்களில் இன்றும் சீன விதை வழிவந்த செடிகள் நிற்கின்றன. இலை சிறியது, மகசூல் குறைவு, குளிரையும் பனியையும் தாங்கும், மணம் அதிகம். கிரீன் டீக்கு இதைவிட ஏற்ற செடி வேண்டியதில்லை.

பருவமும் துணை நிற்கிறது. நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பகலில் வெயிலும் இரவில் உறைபனியுமாக இருக்கும். கொழுந்து மெதுவாக வளரும், அளவு குறையும், வாசம் கூடும். மலையின் தரமான சரக்கு கிடைக்கும் காலமும் ரமணாசிரமப் பகுதியில் கிரீன் டீ கேட்போர் வந்து குவியும் காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைக்க ஆளில்லை.

நீலகிரித் தேயிலைக்குச் சட்டப் பாதுகாப்பும் இல்லாமலில்லை. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. 2004இல் இந்தியாவில் முதன்முதலாக அக்குறியீடு பெற்றது டார்ஜிலிங் தேயிலை. 2008இல் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கும் அது கிடைத்தது. ஆனால் ஆர்த்தடாக்ஸ் என்னும் இலை உருவில் சுருட்டிய தேயிலைக்கே அது பொருந்தும். சிறு விவசாயியின் இலையோ, பெரும்பகுதி நசுக்கிக் குருணையாக்கும் சி.டி.சி. தொழிற்சாலைக்குத்தான் போகிறது. அங்கே பல ஊர் இலை ஒன்றாகக் கலந்து, ஏலத்தில் போய், வேறு தூளோடு மேலும் கலந்து, பெயரற்ற டீத்தூளாக வெளிவருகிறது. குறியீடு காகிதத்தில் இருக்கிறது. விவசாயியின் கூடை அதற்கு வெளியே இருக்கிறது.

பசுந்தேயிலை வேறு, கிரீன் டீ வேறு

நீலகிரியில் செடியிலிருந்து பறித்த ஈர இலையைப் பசுந்தேயிலை என்கிறார்கள். பத்திரிகைகளில் பசுந்தேயிலை விலை என்று வருவது இதைத்தான். இதையும் கிரீன் டீயையும் ஒன்றென எண்ணுவோர் உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் விவசாயியின் வறுமைக்குக் காரணம்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ தேயிலை தயாரிக்க ஏறத்தாழ நாலரைக் கிலோ பசுந்தேயிலை வேண்டும். பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் தேயிலையில் விவசாயியின் பங்கு 9 ரூபாய். 2023இல் நீலகிரிச் சிறு விவசாயிகள் கிலோவுக்குக் குறைந்தது ரூ.33.50 வேண்டும் என்று கேட்டுப் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கேட்டதை அப்படியே கொடுத்தாலும் 100 கிராமில் அவர்கள் பங்கு 15 ரூபாய்தான். வித்தியாசம் 6 ரூபாய். கடையில் கிரீன் டீ வாங்கும் ஒருவர் இந்த 6 ரூபாயைக் கவனிக்கவும் மாட்டார். மலையில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதுவே பிள்ளைகளின் படிப்பும் தோட்டத்தின் உரச் செலவும் ஆகும்.

இந்த வீழ்ச்சி நேற்று வந்ததன்று. நீலகிரித் தூளைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் 1991இல் சிதறியது. 1990களின் இறுதியில் விலை சரிந்து, பசுந்தேயிலை கிலோ சில ரூபாய்க்கு இறங்கியது. உருளைக்கிழங்கையும் கோசையும் விட்டுத் தேயிலைக்கு மாறியிருந்த குடும்பங்கள் திகைத்துப் போயின. ஒரே வாங்குநரையும் ஒரே வகைச் சரக்கையும் நம்பியதன் பலன் அது. அந்தப் பாடத்தை இன்னும் முழுமையாகக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, விளைந்த மாவட்டம், பறித்த மாதம் ஆகிய இரண்டும் எல்லாத் தேயிலைப் பொட்டலங்களிலும் அச்சிடப்பட வேண்டும். கலப்புத் தூளானால் கலப்பு என்று போடட்டும். வாங்குவோர் தெரிந்து வாங்கட்டும். மருந்துக்கும் பிஸ்கட்டுக்கும் தேதி போட முடிகிற நாட்டில் தேயிலைக்கு ஊர் போடுவது இயலாத காரியமன்று. கிரீன் டீக்குப் பறித்த மாதம் மிக அவசியம். நாளாக ஆகப் பச்சை நிறமும் வாசமும் போய்விடும் சரக்கு அது.

இரண்டாவதாக, சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து சிறிய கிரீன் டீ அலகுகள் அமைக்க அரசு உதவ வேண்டும். நீலகிரியில் கூட்டுறவுக்குக் குறைவில்லை. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் 1965 முதல் இருந்துவருகிறது. ஒவ்வொரு கூட்டுறவுத் தொழிற்சாலையும் தன் ஓரத்தில் ஒரு சிறு கிரீன் டீக் கூடத்தை நடத்தலாம். வறுக்கும் சட்டியும் சுருட்டும் பொறியும் உலர்த்தியும் போதும். பெரிய தொழிற்சாலைக்கு ஆகும் முதல் இதற்கு ஆகாது. அதில் தயாராகும் சரக்கில் விவசாயி இருக்கும் ஹட்டியின் பெயரையே அச்சிடலாம். கோத்தகிரி என்றும் குந்தா என்றும் மஞ்சூர் என்றும் தனித்தனியே பெயர் எடுக்க முடியாதா என்ன?

மூன்றாவதாக, தரமான இலைக்குத் தனி விலை வேண்டும். இப்போது இரண்டு இலை ஒரு கொழுந்தாகக் கிள்ளியவருக்கும், கத்தரியால் முற்றிய இலையோடு வெட்டியவருக்கும் பெரும்பாலும் ஒரே விலை. அப்படியானால் யார் கஷ்டப்பட்டுக் கிள்ளுவார்கள்? இலை தாழ்ந்தது, தூள் தாழ்ந்தது, ஏல விலை தாழ்ந்தது, மறுபடி இலை விலை தாழ்ந்தது என்று சக்கரம் சுற்றுகிறது. நல்ல கொழுந்துக்குக் கிலோ 60 ரூபாய் கொடுத்தாலும் 100 கிராம் கிரீன் டீயில் இலைச் செலவு 27 ரூபாய்தான் வரும். அந்த விலையைத் தாங்கும் சரக்கு அது.

மறுப்புகளும் உண்டு

இதற்கு மறுப்புச் சொல்வோர் இல்லாமலில்லை. அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

கொழுந்து கிள்ள ஆள் எங்கே என்று கேட்கிறார்கள். மலையில் ஆள் பற்றாக்குறை உண்மையே. ஆகவே எல்லாத் தோட்டத்தையும் கிரீன் டீக்கு மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஏக்கரில் ஒரு பகுதியை, அதுவும் பனிக்கால மூன்று மாதங்களில் மட்டும், நயமாகக் கிள்ளினால் போதும். மற்ற மாதங்களில் வழக்கம்போல் தொழிற்சாலைக்கு இலை போகலாம்.

நம் மக்கள் பால் டீதான் குடிப்பார்கள், கிரீன் டீ எத்தனை பேர் குடிப்பார்கள் என்று கேட்கிறார்கள். இதுவும் உண்மை. பெருஞ்சந்தை பால் டீக்கே. ஆனால் சிறு விவசாயிக்குப் பெருஞ்சந்தை தேவையில்லை. ரமணாசிரமம் பகுதி, புதுச்சேரியை அடுத்த ஆரோவில், மாமல்லபுரம், கொடைக்கானல் என்று வெளியார் வந்து தங்கும் நாலைந்து இடங்களைப் பிடித்தாலே சில நூறு குடும்பங்களின் பனிக்காலச் சரக்குக்கு வழி பிறக்கும்.

புவிசார் குறியீடு பெற்ற டார்ஜிலிங் மட்டும் செழித்துவிட்டதா என்பது மூன்றாவது கேள்வி. இதுதான் கடினமான கேள்வி. டார்ஜிலிங்கின் பெயர் உலகெங்கும் பரவியிருந்தும் அங்குத் தோட்டங்கள் தள்ளாடுகின்றன. நேபாளத்து இலை அப்பெயரில் கலப்பதாகவும் நெடுநாள் புகார் உண்டு. இலங்கையும் இதற்குச் சான்று. 1972இல் நாட்டின் பெயரே மாறிய பின்னும் சிலோன் டீ என்ற பெயரை அவர்கள் விடவில்லை. சிங்க முத்திரையோடு காத்து வருகிறார்கள். ஆனால் அந்தப் பெயரின் பெருமை கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணின் கூலியில் ஏறியதில்லை.

ஆகவே பெயர் மட்டும் போதாது. பெயர் யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம். தோட்ட முதலாளியின் கையிலோ ஏற்றுமதியாளரின் கையிலோ பெயர் இருந்தால் பலனும் அங்கேயே நின்றுவிடும். முத்திரைச் சீட்டை விளைவிப்பவர் கையிலேயே கொடுத்ததுதான் ஹாங்சோவிலிருந்து நாம் கற்க வேண்டியது. இமயமலை அடிவாரத்தில் காங்ரா என்றொரு சிறு பகுதி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சீனச் செடியைக் கொண்டு அங்கே தேயிலை வளர்த்தார்கள். 1905 நிலநடுக்கத்தில் அத்தொழில் நொறுங்கிப் போயிற்று. அப்படியும் கிரீன் டீயை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 2005இல் இந்தியப் புவிசார் குறியீடும், 2023இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் அப்பெயருக்குக் கிடைத்தன. அளவில் சிறிய ஊரும் பெயரைக் காக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

திருவண்ணாமலை விவசாயிக்கு

தேயிலை விளையாத திருவண்ணாமலை மாவட்டத்து விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். முதலில் ஓர் எச்சரிக்கை. கிரீன் டீக்கு விலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் தேயிலை நாற்று வாங்கி நட்டுவிடக் கூடாது. தேயிலைக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும்; கார அமில நிலை நாலரை முதல் ஐந்தரைக்குள் இருக்க வேண்டும். பரவலான மழையும் ஈரக்காற்றும் வேண்டும். நம் செம்மண் காட்டிலும் சித்திரை வெயிலிலும் அது நிற்காது.

ஆனால் பாடம் நமக்கும் உரியதே. ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. தேனும் புளியும் கிடைக்கின்றன. மலைவாழ் மக்கள் உமி நீக்காத சாமையை மூட்டையாகக் கட்டி வியாபாரியிடம் போடுகிறார்கள். அது எங்கோ சென்று உமி நீங்கி, பளபளப்பான பொட்டலத்தில் ஏறுகிறது. அதையே ரமணாசிரமம் பகுதிக் கடையில் வெளியூர்க்காரர் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார். அப்பொட்டலத்தில் ஜமுனாமரத்தூர் என்ற பெயர் இருக்காது. பசுந்தேயிலைக்கு நேர்ந்த கதிதான் சாமைக்கும். உமி நீக்கும் இயந்திரம் மலையிலேயே ஓட வேண்டும். ஊர்ப் பெயர் அச்சிட்ட பொட்டலம் மலையிலேயே கட்டப்பட வேண்டும். அதை மகளிர் குழுவோ உழவர் உற்பத்தியாளர் குழுவோ நேரே கொண்டுவந்து கடைக்குப் போட வேண்டும்.

விற்பதற்கு ரமணாசிரமம் பகுதியைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். 1896இல் இங்கு வந்த ரமண மகரிஷி 1950இல் மறையும் வரை இவ்வூரைவிட்டு வேறெங்கும் போகவில்லை. அவர் இருந்த இடத்தைத் தேடித்தான் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஓர் இடத்துக்கு மதிப்பு உண்டு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த டீ கோத்தகிரியில் விளைந்தது, இந்தச் சாமை ஜவ்வாது மலையில் விளைந்தது என்று சொன்னால் அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். கூட ஐந்து பத்து ரூபாய் கொடுக்கவும் தயங்க மாட்டார்கள்.

கடைக்காரர்களும் இதில் பங்கு கொள்ளலாம். அடுத்த தீபத் திருவிழாவுக்கு முன்னால் அலமாரியில் ஒரு தட்டை ஊர்ப் பெயர் உள்ள சரக்குக்கு ஒதுக்கி வைத்தால் போதும். கிரீன் டீ தயாரித்துக் கொடுப்பவர்கள் ஒரு சிறு பக்குவத்தையும் கவனிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றினால் இலை கசந்துவிடும். கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு, 80 டிகிரி அளவில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். நீலகிரிச் சரக்கு கசக்கிறது என்ற கெட்ட பெயர் பல நேரங்களில் அடுப்படியில் உண்டாவது.

விளைவிப்பது மட்டும் விவசாயம் என்றிருந்த காலம் போய்விட்டது. விளைந்த பொருள் யார் பெயரில் விற்கப்படுகிறது என்று கேட்பதும் விவசாயத்தின் ஒரு பகுதியே. மேற்கு ஏரிக்கரை விவசாயி ஒரு கிணற்றின் பெயரை வைத்துப் பிழைக்கிறார். நீலகிரி என்ற பெயர் கிணற்றைவிடப் பெரியது. ஜவ்வாது மலையும் சிறியதன்று. அப்பெயர்களை விளைவிப்பவர்களின் கையில் ஒப்படைப்பதற்கான முதல் வேலையை அரசும் கூட்டுறவுகளும் வரும் பனிக்காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.